நீல அட்டையும் ஆரஞ்சு அட்டையும் உடையப்பனின் இடது காலும்

அனுப்புநர்:
நல்லம்மாள் (க/பெ உடையப்பன்),
கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு) பட்டறைத் தொழிலாளி, முறுக்கு அடுப்பு,
புந்தோங், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
உயர்திரு தர்மேந்திரன் அவர்கள்,
குறைதீர்ப்பு அதிகாரி,
மக்கள் நலக் காப்புறுதித் திட்டம்,
ஈப்போ வட்டார அலுவலகம்.

பொருள்: என் கணவரைத் தங்கள் திட்டம் கழுத்தோடு இரண்டாகப் பிரித்துவிட்டது தொடர்பாகவும், அவரை மீண்டும் ஒட்டித் தரும்படி கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும் மனுக்களுக்கு மேல் இதையும் வைப்பதற்கு முதலில் மன்னிக்கவும். அடியில் வைத்துவிடாமல் இருப்பதற்கு முன்கூட்டியே நன்றி.

மனுவோடு ஒரு பொட்டலமும் வந்திருக்கும். மனுவைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டுப் பிறகு அதைப் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருப்பது முறுக்கு அல்ல. இலஞ்சமும் அல்ல. பிரிக்கும்போது சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் நல்லது.

மலாயில் ஒரு பக்கச் சுருக்கமும் இணைத்திருக்கிறேன். அதில் விவரம் சரியாக இருக்கும், கோபம் மட்டும் இருக்காது. மலாயில் எனக்குக் கோபப்பட வராது. எப்படித் தொடங்கினாலும் தயவுசெய்து என்றும் மன்னிக்கவும் என்றும்தான் போய் முடிகிறது. தாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று கவுண்டரில் சொன்னார்கள். ஆகவே முழு விவரத்தையும் தமிழில் தருகிறேன்.

1. என் கணவர் உடையப்பன், வயது ஐம்பத்து நான்கு, ஜெலாப்பாங்கில் தரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். (ஓட்டுபவர் என்று எழுதியிருப்பதை இப்போதைக்கு நம்பவும். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.) அவருக்கு இனிப்புநீர் நோய் உண்டு. டாக்டர் எது சொன்னாலும் "ஓகே டாக்டர்" என்பார், வெளியே வந்ததும் பாலும் சர்க்கரையும் மிதக்கும் தே தாரேக் கேட்பார். நான் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். இந்தப் பூமியில் அவர் யார் சொல்லையும் கேட்டதில்லை, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் முனியாண்டி.

2. முனியாண்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை ஐயா, சாமி. பத்தாங்கட்டை ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டு, செம்பனையையும் பாதி அழித்து வீடு கட்டிவிட்டார்கள். கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள், இடிக்க வந்த இயந்திரம் மூன்று தடவை பழுதானதால். அந்தக் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் என் கணவர் மேல்தான் சாமி வரும். புந்தோங்கிலிருந்தும் சுற்று வட்டாரக் குடியிருப்புத் தாமான்களிலிருந்தும் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வாக்குக் கேட்பார்கள். சாமி சுருட்டைக் கடித்துக்கொண்டு பேசுவதால் பாதி வார்த்தை புகையோடு போய்விடும். பக்கத்தில் நின்று அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்வது என் வேலை. கல்யாணமான நாள் முதல் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்து வருகிறேன்.

3. சாமி மலையேறிய பிறகு அவருக்குக் குரல் கேட்டது நினைவிருக்கும், அது சொன்னது எதுவும் நினைவிருக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்பார்: "சாமி எனக்கு என்ன சொல்லிச்சி?" மற்றவர்களுக்குச் சாமி சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிடுவேன். இவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வேன். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடச் சொன்னது. சாயங்காலம் நடக்கச் சொன்னது. இனிமேல் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்தான் குடிக்கச் சொன்னது. கோசோங் என்றதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "முனியாண்டிக்குக் கோசோங் எல்லாம் தெரியுமா?" என்றார். "எத்தன வருஷமா இந்த நாட்டுல இருக்காரு, மலாய் தெரியாமலா இருப்பாரு?" என்றேன். அன்று முதல் சர்க்கரை இல்லாமல்தான் குடித்தார். ஆறு மாத இரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியது. டாக்டர் புது மாத்திரையைப் பாராட்டினார்.

உடலையும் மனத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று தங்கள் திட்டத்தின் சுவரொட்டியில் அச்சடித்திருக்கிறது. நாங்கள் அதைச் சுவரொட்டி வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்தோம் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

4. இன்னொரு விவரம், இது முக்கியம். சாமியாடியின் கால்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எங்கள் வழக்கம். என் கணவர் வீட்டில் காலை யாருக்கும் காட்ட மாட்டார். வேலைக்குப் போகும்போது இரும்பு முனை வைத்த சப்பாத்து, திரும்பி வந்தால் காலுறை. கோயிலுக்குள் சப்பாத்துப் போட முடியாது அல்லவா? ஆகவே வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் பாதங்கள் என் கைக்கு வரும். கழுவுகிற சாக்கில் விரல் இடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். சென்ற ஆண்டுக் கடைசியில் ஒரு வெள்ளியன்று இடது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண்ணைக் கண்டேன். ஐம்பது காசு அளவு. அவருக்கு வலிக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். சாமி கிளினிக்குப் போகச் சொன்னது என்று சொன்னேன். மறுநாளே போனார்.

5. நீல அட்டை உடலுக்கு. அந்த அட்டையில் ஜெலாப்பாங் பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். மிஸ்ஸி நஜீமா என்ற தாதி பொறுமையாகக் கழுவிக் கட்டினார், புண் சுருங்கத் தொடங்கியது. அதுவரை தங்கள் திட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகுதான் ஒரு நாள், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் மனநலக் கேள்விகள் கேட்க வேண்டும் என்று புதிய உத்தரவு வந்திருப்பதாகச் சொல்லி ஓர் இளம் அலுவலர் கணினியோடு வந்து உட்கார்ந்தார். நல்ல பையன், பணிவானவன். அவன்மேல் எனக்குப் புகார் இல்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

6. பிறர் காதில் விழாத குரல் ஏதும் கேட்கிறதா என்று முதலில் கேட்டான். என் கணவர் சாமி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். கேட்கிறது என்றார். யார் குரல்? முனியாண்டி. எப்போது? வெள்ளிக்கிழமை, விசேஷ நாள் என்றால் கூடுதலாக. அந்தக் குரல் உத்தரவு போடுமா? போடும், மீற முடியாது. கையில் ஆயுதம் ஏதும் வைத்திருப்பீர்களா? அரிவாள், முன்பெல்லாம் அதன்மேல் ஏறி நிற்பேன், இப்போது சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. (அதுவும் நான் சொன்னதுதான். காலில் புண்ணோடு அரிவாள்மேல் ஏற விடுவேனா?) அந்தப் பையன் முகம் வெளுத்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். அடுத்த கேள்விகளுக்கு வேகம் கூடிவிட்டது. மனச்சோர்வு உண்டா? இல்லை. தூக்கம்? நல்ல தூக்கம். வேலையில் பிரச்சினை? "எல்லாம் ஓகே லா." வாழ்க்கை வெறுத்த எண்ணம்? இல்லை.

ஐயா, அன்று அவர் சொன்ன உண்மைக்கெல்லாம் மாத்திரை எழுதினார்கள், சொன்ன பொய்யையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அது எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

7. இரண்டு வாரத்தில் ஆரஞ்சு அட்டை வந்தது. அது மனத்துக்கு. கழுத்துக்கு மேலே என்று வைத்துக்கொள்ளலாம். வந்த அன்றே நீல அட்டை செத்துப்போனது. ஒருவருக்கு ஒரு முதன்மை நோய், ஒரு முதன்மை நோய்க்கு ஓர் அட்டை என்பது திட்ட விதியாம். மிஸ்ஸி நஜீமா கணினியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அக்கா, அண்ணனோட கார்டு மாறிடுச்சி லா. நான் கட்டுப் போட்டா சிஸ்டம் ஏத்துக்காது. என்ன நோய்னு போட்டிருக்கு பாருங்க, அண்ணன் இப்ப இங்க பேஷண்டே இல்ல." கால் அங்கேதான் இருந்தது, புண்ணும் அங்கேதான் இருந்தது, நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

8. மன மருத்துவமனை ஊரின் மறுகோடி. அங்கே சாமியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தார்கள். என் கணவர் அதைத் தவறாமல் போட்டார். காரணம் நான்தான். மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் போடும்படி சாமி உத்தரவிட்டதாக முன்பே சொல்லி வைத்திருந்தேனே, இனிப்புநீர் மாத்திரையை மனத்தில் வைத்து. அவர் எல்லா மாத்திரைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஆக, முனியாண்டி கடைசியாகப் போட்ட உத்தரவு தன் வாயையே அடைக்கும் மாத்திரையைப் போடச் சொன்னதாகப் போய்விட்டது. சாமி வருவது நின்றது. என் கணவர் பகலெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார். கோயிலுக்குள் வரக் கூச்சப்பட்டு, வேலிக்கு வெளியே மோட்டார்மேல் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். காலும் என் கைக்கு வரவில்லை. கட்டுப் போடும் சாமான்களைக் கடையில் வாங்கி வைத்தேன், காலுறையைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். நீல அட்டை இல்லாததால் இனிப்புநீர் மாத்திரையும் வெளியில்தான் வாங்கினேன். "சாமி போடச் சொன்னது ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திரயத்தான். கடை மாத்திரைக்கும் சாமி சொல்லட்டும், போடுறேன்" என்று அதையும் தொடவில்லை. கோயில் தலைவர் சன்னாசி அண்ணன் வீடு தேடி வந்து, "ஆடி மாசம் வருது, சாமி இல்லாம திருவிழாவ எப்படி நடத்துறது? நீ என்னம்மா பண்ணி வெச்சே?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கும் தங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மனு.

9. பிறகு நான் இரண்டு கவுண்டர்களுக்கும் பந்துபோல் போய் வந்தேன். உடல் கவுண்டரில், நோயாளியின் மனம் சீராக இருக்கிறது என்று மன மருத்துவமனையில் கடிதம் வாங்கி வந்தால் நீல அட்டையைத் திறக்கலாம் என்றார்கள். மன மருத்துவமனையில், இந்த மாத்திரை சிலருக்குச் சர்க்கரையை ஏற்றும், ஆகவே இரத்தம் பரிசோதித்து முடிவு வந்தால்தான் மனத்தைப் பற்றிக் கடிதம் கொடுக்க முடியும் என்றார்கள். சரி, பரிசோதியுங்கள் என்றேன். இரத்தம் உடலைச் சேர்ந்ததாம், நீல அட்டை வேண்டுமாம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கழுத்து எந்த அட்டையில் வரும் என்று கேட்டேன். அந்தப் பெண் உண்மையாகவே கையேட்டைப் புரட்டித் தேடினாள். பாவம், அவளுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஒருவரிடம் புண்ணின் பழைய படத்தைக் காட்டினேன். இப்படியே விட்டால் முதலில் விரல், பிறகு பாதம் என்று வெட்டவேண்டி வரும் என்றார். அட்டைதான் இல்லையே டாக்டர் என்றேன். அவசர அறுவைக்கு எந்த அட்டையும் செல்லும், கவலைப்படாதீர்கள் என்றார். அதாவது காலை வெட்டுவதற்கு வழி இருக்கிறது, கட்டுப் போடுவதற்கு இல்லை. இந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் வீட்டில் முறுக்குச் சுட்டிருக்க மாட்டார். அடுப்புத் தீயைக் குறைக்கத் தெரிந்தவர் எவரும் எண்ணெய் பற்றி எரியும் வரை காத்திருக்க மாட்டார்.

10. ஜெலாப்பாங்கில் அப்படிச் சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு நாள், தலை சுற்றியதால் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் லியாகத் அலி அவர்களின் உணவகத்தில் உட்கார்ந்தேன். தேத்தண்ணீரை வைத்தவர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் தினமும் இங்கதான் வாராரு. ஷிஃப்ட்டு முடியிற வரைக்கும் அந்த மூலையில உக்காந்திருப்பாரு. இப்பத்தான் கெளம்பிப் போனாரு. கேட்டா இன்னிக்கி லீவுங்கிறாரு. கம்பெனிய மூடி எவ்வளவு நாளாச்சி, என்ன லீவு?" என்றார். திரும்பிப் பார்த்தேன். எதிரே கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. சங்கிலி துருப்பிடித்தும் இருந்தது.

என் கணவருக்கு வேலை போனது சென்ற தீபாவளிக்கு முன்பு. ஆட்குறைப்புத் தொகையை மாதா மாதம் சம்பளம் என்று என் கையில் கொடுத்து வந்திருக்கிறார். காலையில் எழுந்து, சீருடை போட்டு, இரும்பு முனைச் சப்பாத்தை இறுக்கிக் கட்டி, பூட்டிய கேட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்கிறார். உணர்ச்சி மரத்த காலில் நாள் முழுக்க அந்தச் சப்பாத்து. புண் எப்படி வந்தது என்று கிளினிக்கில் கேட்டபோது சப்பாத்து உரசியது என்று எழுதிக்கொண்டார்கள். சரியான பதில்தான். வேலையில்லாத மனிதன் ஏன் ஐயா சப்பாத்துப் போடுகிறான் என்பதை யாரும் கேட்கவில்லை. புண்ணும் துக்கமும் ஒரே சப்பாத்துக்குள் இருந்தன. நீல அட்டைக்காரர்கள் புண்ணை மட்டும் பார்த்தார்கள். ஆரஞ்சு அட்டைக்காரர்கள் முழங்காலுக்குக் கீழே குனிந்தே பார்க்கவில்லை. கூடப் படுத்தெழுகிற எனக்கும் தெரியவில்லை, அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

11. உடனே மன மருத்துவமனைக்குப் போய், அவருக்கு இருப்பது சாமி நோய் இல்லை, வேலை போன நோய் என்று சொன்னேன். அங்கிருந்த பெண் டாக்டர் நன்றாகத்தான் கேட்டார். ஆனால் மனைவி சொன்னதை வைத்து நோயை மாற்றி எழுத முடியாது, நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். நியாயம்தான். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, அந்த அளவுக்கு நான் துணிந்தவளும் இல்லை. ஆனால் அவர் வாயைத் திறக்க வைப்பது எப்படி? நான் கேட்டால் டிவி சத்தம் கூடும். சாமி கேட்டால் சொல்வார், சாமிதான் வருவதில்லையே.

12. கடந்த வெள்ளி ஆடி முதல் வெள்ளி. உடுக்கை அடித்துப் பூசாரிக்குக் கை வலித்துவிட்டது. சாமி வரவில்லை. சன்னாசி அண்ணன், சாமியை நான்தான் வீட்டில் பூட்டி வைத்திருப்பதுபோல் என்னை முறைத்தார். என் கணவர் வேலிக்கு வெளியே மோட்டார்மேல், தலை தொங்க, சப்பாத்தோடு. அப்போது எனக்குச் சாமி வந்தது.

வந்ததா, வரவழைத்தேனா என்று தாங்கள் கேட்கலாம். இரண்டு கவுண்டரும் சன்னாசி அண்ணனின் முறைப்பும் துருப்பிடித்த அந்தச் சங்கிலியும் சேர்ந்து உச்சந்தலைக்கு ஏறின. அதற்கு மேல் சத்தியமாக எனக்குத் தெரியாது. கொண்டை அவிழ்ந்தது. பூசாரி கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு வேலி வரை ஓடிப்போய், "ஏய் உடையப்பா! சப்பாத்தக் கழட்டுடா!" என்று கத்தினேன்.

அவர் இறங்கி மண்ணில் உட்கார்ந்து கழற்றினார். இடது கால் லேசில் வரவில்லை. காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. அது வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஐம்பது காசாக இருந்தது முட்டை அளவு ஆகியிருந்தது. அந்தக் காலோடு என் முன்னால் மண்டியிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, வேலை போயிடுச்சி சாமி. பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியல. இந்தச் சப்பாத்தப் போட்டாத்தான் வாசலத் தாண்ட முடியுது. ராத்திரி தூக்கமே இல்ல. ஒரு நாளு மோட்டார லூமுட் கடக்கரை வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். படகு ஏறுற ஜெட்டி ஓரத்துல தண்ணியப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் திரும்பி வந்துட்டேன் சாமி."

அந்தப் பையன் கணினியில் "இல்லை" என்று பதிந்துகொண்ட கேள்விகளுக்கெல்லாம் இதுதான் ஐயா விடை.

சாமி என்ற முறையில் நான் ஏதாவது அருள்வாக்குச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் அவ்வளவு பேர் காத்திருந்தார்கள். என் வாயில் வந்தது இதுதான்: "எனக்குத் தெரியும் லா. எந்திரிங்க மொதல்ல, மண்ணு ஒட்டுது புண்ணுல." பத்தாங்கட்டை முனியாண்டி இதுவரை எவரிடமும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, "அப்ப கோசோங் சொன்னதும் நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டதால் நான்தான் அழுதேன்.

13. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து செய்ய வேண்டியவை:

(அ) நீல அட்டையை உடனே திறக்க வேண்டும். விசாரணை, கூட்டம், கோப்பு எல்லாம் அதன் பிறகு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும், புண் காத்திருக்காது.

(ஆ) அவருடைய காலைப் பார்ப்பவரும் மனத்தைக் கேட்பவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே அட்டையில் இருக்க வேண்டும். ஜெலாப்பாங் கிளினிக்கில் கட்டுப் போடும் அறைக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்த ஓர் அறை இருக்கிறது. வாரம் ஒரு நாள் மன மருத்துவர் அங்கே வந்து உட்கார்ந்தால் போதும். அறையை நானே கூட்டித் தருகிறேன்.

(இ) குரல் கேட்கும் கேள்வியை நீக்கச் சொல்லவில்லை. என் சித்தப்பா மகனுக்கு நிஜமாகவே கேட்டது, அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும், இதே மாத்திரைதான் அவனை மனிதனாக்கியது. கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், கோயிலிலா வீட்டிலா என்று இன்னொரு கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். என் கணவருக்கு அந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதையும் அப்படிப்பட்ட ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

(ஈ) இந்த ஆண்டு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். கடந்த வெள்ளிக்குப் பிறகு என்ன பதில் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. என் நீல அட்டையில் இரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

14. ஐயா, என் கணவர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார். மூன்று நாளாக என்னிடம், லியாகத் அலியிடம், சன்னாசி அண்ணனிடம், முறுக்கு வாங்க வந்தவர்களிடம்கூடச் சொல்கிறார். கேட்கத் தெரிந்த ஒருவர் முன் அவரைக் கொண்டுபோய் உட்கார வைக்க இதுதான் சமயம். ஒரு கவுண்டருக்கும் இன்னொரு கவுண்டருக்கும் நடுவே அலைய விட்டால் அவர் மறுபடியும் வாயை மூடிக்கொள்வார், அப்புறம் அவரைத் திறக்க என்னிடம் வேறு சாமி இல்லை. மூன்று நாளாக நானே உப்புத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றுகிறேன். புண்ணைச் சுற்றிக் கறுப்பு படர்கிறது. இன்று விடியற்காலை பழக்கத்தில் எழுந்து, சீருடை போட்டு, வலது கால் சப்பாத்தைக் கட்டிவிட்டு இடது காலுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், வாசலில் எல்லாம் தேடினார். நான் பார்க்காததுபோல் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

தங்கள் பதிலைக் கடிதமாக அனுப்ப வேண்டியதில்லை. மிஸ்ஸி நஜீமாவின் கணினியில் என் கணவர் மறுபடியும் நோயாளியாகத் தெரிந்தால், அதுவே எனக்குத் தாங்கள் எழுதிய பதில்.

இடம்: புந்தோங், ஈப்போ
நாள்: 21 ஜூலை 2025, திங்கள்

தங்கள் நல்ல முடிவுக்குக் கவுண்டர் வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நல்லம்மாள்

இணைப்பு:

1. நீல அட்டை, ஆரஞ்சு அட்டை, இரண்டின் நகல்.

2. புண்ணின் படங்கள், டிசம்பரில் எடுத்தது ஒன்று, நேற்று எடுத்தது ஒன்று. சாப்பாட்டுக்கு முன் பார்க்க வேண்டாம்.

3. நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றதால், நேற்றுச் சாயங்காலம் அவரே தன் கையால் எழுதிக் கொடுத்தது: "எனக்கு வேலை இல்லை. தூக்கம் இல்லை. கால் மரத்துப் போச்சு, மனசும் அப்படித்தான். உதவி வேணும். உடையப்பன்."

4. பொட்டலம்: சப்பாத்து, இடது கால், ஒன்று. இது நீல அட்டையில் வருமா, ஆரஞ்சு அட்டையில் வருமா என்று தங்கள் அலுவலகம் முடிவு செய்யும் வரை தங்களிடமே இருக்கட்டும். அவர் கேட்டு வந்தாலும் கொடுக்க வேண்டாம்.